வெண்ணிலா ஏறினால் நிற்கும் வண்டி

தணிகைவேலுவின் வண்டி, அவன் தனியாகப் போனால் கடலூர் வரைக்கும் போகும். பின்னால் தங்கச்சி வெண்ணிலா ஏறி உட்கார்ந்தால் மட்டும் பாதி வழியில் ஃபியூஸ் போய் நின்றுவிடும். அது போனால் ஹாரன் அடிக்காது, லைட் எரியாது, இன்ஜினும் ஓடாது. இன்ஜினுக்கே பேட்டரியிலிருந்துதான் கரண்ட் போகிற பழைய பெட்ரோல் பைக். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் அந்த ஒரு கம்பி அறுந்தால் மொத்தமும் காலி.

அவர்கள் எனக்கு அடுத்த வீடு. கிருமாம்பாக்கம் மெயின் ரோட்டில் இருக்கும் என் டீக்கடையை ஒட்டித்தான் தங்கவேலுவின் மெக்கானிக் கடை. அதனால் இந்தக் கூத்தை இரண்டு பக்கமும் பார்த்தவள் நான்.

வெண்ணிலாவை வில்லியனூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளையும் இல்லை. அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். உட்கார்ந்து சாப்பிடுகிற ரகம் இல்லை அவள். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை தேடிக்கொண்டாள். கம்பெனி வேன் காலையில் மெயின் ரோட்டுக்கு வரும். அதுவரை கொண்டுவந்து விடுவது அண்ணன்.

வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது ஆயுத பூஜைக்குப் பிறகு. அன்றைக்குத் தணிகைவேல் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைக் கழுவினான். வெண்ணிலா துணி எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் பொட்டு வைத்துப் படைத்தார்கள். அண்ணி புவனேஸ்வரி அப்போதே முகத்தைச் சுளித்தாள். முதல் தடவை வண்டி நின்றதும், "பூஜையும் அதுவுமா யாரு கை பட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதா?" என்று முறத்தில் இருந்த துவரம்பருப்பைப் பார்த்துச் சொன்னாள். பருப்புக்கா சொன்னாள்?

எனக்கும் புருஷன் இல்லை. ஆனால் டீக்கடைக்காரியிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். வெண்ணிலாவுக்கு அந்த வாய் இல்லை.

புவனேஸ்வரிக்குத் தனி ஸ்கூட்டி. வயலுக்கு வாங்குகிற உர மூட்டை டிராக்டரில் வந்துவிடும். ஆக, அந்தப் பின்சீட்டில் உட்காருகிற ஒரே ஆள் வெண்ணிலாதான். அவள் ஏறுவாள், ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும், ஃபியூஸ் போகும். வேனும் போய்விடும். இன்னொரு தடவை லேட்டானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை போனால் நாள் முழுக்க அந்த வீட்டில் அந்த முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். அதைவிட, அண்ணி சொன்னது சரிதான் என்று ஆகிவிடும். அந்தப் பயம்தான் அவளை அரித்தது.

தணிகைவேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு தங்கவேலுவிடம் வருவான். "எப்போ போவுது?" என்று தங்கவேல் கேட்பார். "அப்பப்போ போவுதுண்ணே" என்பான். அவ்வளவுதான் சொல்வான். தங்கவேல் பேட்டரியை மாற்றினார், ஹாரன் ஒயரைப் பிரித்துப் பார்த்தார், அவரே ஓட்டிக்கொண்டு பாகூர் வரை போய்விட்டு வந்தார். ஒன்றும் ஆகவில்லை. பொறுக்க முடியாமல் ஒருநாள் தணிகைவேல், "ஃபியூஸுக்குப் பதிலா செம்புக் கம்பிய சுத்திடுண்ணே" என்றான்.

"சுத்துனா நிக்காது, எரியும். அப்பால என்ன வந்து கேக்காத" என்றார் தங்கவேல்.

தங்கச்சி ஏறினால்தான் போகிறது என்று அவனால் சொல்ல முடியவில்லை. சொன்னால் மெயின் ரோடு முழுக்க அவள் பேர் நாறிவிடும் என்று நினைத்தான். பாசம்தான். அந்தப் பாசத்தில்தான் மெக்கானிக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயத்தை மென்று முழுங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு திங்கட்கிழமை இரண்டு பேருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே வேன் கிளம்பிப் போயிற்று. தங்கவேல் வழக்கம்போல, "இன்னாப்பா, எப்போ போச்சு?" என்றார். தணிகைவேல் வாயைத் திறப்பதற்குள் வெண்ணிலா சொன்னாள்:

"நான் ஏறுனா போவுதுண்ணே. நான் ஏறுனா மட்டுந்தான் போவுது."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கவேல் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"அட கஷ்டகாலமே! இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நீ ஏறி உக்காரும்மா."

புது ஃபியூஸ் போட்டு இன்ஜினை ஓடவிட்டார். வெண்ணிலா உட்கார்ந்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். வண்டி நின்றது. அவளை இறக்கிவிட்டு, இன்னொரு ஃபியூஸ் போட்டுத் தணிகைவேலுவைப் பின்னால் உட்காரச் சொன்னார். அவன் குலுக்கினான். அப்போதும் நின்றது.

"யாரு ஏறுனாலும் போவும்" என்று தங்கவேல் சீட்டைக் கழற்றினார். பின் லைட்டுக்குப் போகும் ஒயர், சீட்டின் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நசுங்கித் தோல் உரிந்து கிடந்தது. "சீட்டுக்கு அடியில ரெண்டு பக்கமும் ரப்பர் இருக்கணும். ஒண்ணு கீது. இன்னொண்ணு எங்க? கழுவுறப்ப உட்டுட்டியா?"

கறுப்பாக, சோடா மூடி அளவுக்கு மிச்சமிருந்த அந்த ஒரு ரப்பரை வெண்ணிலா வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கவேல் ஒயருக்கு டேப் சுற்றி, பழைய டியூபை வெட்டி, காணாமல் போன ரப்பருக்குப் பதில் வைத்தார். தணிகைவேல் அவளைச் சேதராப்பட்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டான். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. திட்டு வாங்கினாலும் வேலை தப்பித்தது.

சாயந்திரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், பொய் சொல்வானேன். வேலையிலிருந்து வந்த வெண்ணிலா நேராகச் சமையல் கட்டுக்குப் போனாள். குனிந்து, கேஸ் அடுப்பின் குட்டைக் காலுக்கு அடியிலிருந்து எதையோ உருவினாள். கறுப்பு ரப்பர். தினமும் காலையில் அந்த அடுப்பைத் துடைக்கிறவள் அவள்தானே.

"பூஜ அன்னிக்கு வாசல்ல கெடந்துச்சு, எடுத்து வெச்சேன்" என்றாள் புவனேஸ்வரி.

"இது இல்லாமதான் அண்ணி வண்டி நின்னுச்சு."

தணிகைவேல் பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, "அதான் வண்டி சரியாப்போச்சே. இப்ப அடுப்பு ஆடுது பாரு, வெச்சுடு" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பாலைத் தூக்கிக் கொட்டியிருப்பேன். வெண்ணிலா குனிந்து, ரப்பரை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புவனேஸ்வரி தன் தம்பி மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பினாள். பட்டுப்புடவை, தட்டு நிறைய பூ. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டே உள்ளே பார்த்தாள். நல்ல காரியத்துக்குப் போகிறேன், எதிரே வராதே என்று வழக்கம்போல வாயைத் திறந்து சொல்லவில்லை. அது மட்டும்தான் மாறியிருந்தது.

ஸ்கூட்டி நகர்ந்ததும் நான் வாசலில் நின்று, "வெண்ணிலா, வெளிய வாடி, அதான் யாரும் ஒண்ணும் சொல்லலியே" என்று கூப்பிட்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணி தெரு முனை திரும்பட்டும்க்கா. வரேன்."