முகப்பேர் பஸ்ஸில் இருந்தவளைக் கடலில் தேடினார்கள்

காலையில் எங்கள் கிளப்பின் பாய்மரப் படகுப் போட்டி. கடைசிக்கு முந்தைய இடம். அந்தப் பெருமையோடு முகப்பேர் பஸ் ஏறித் தூங்கிவிட்டேன்.

போன் அடித்தது. மீட்புப் படகு ஓட்டும் அண்ணன்.

"எங்கம்மா கீறே? அரை மணி நேரமா உன்னக் கடல்ல தேடிகினு கீறேன்."

"பஸ்ல வந்துட்டேண்ணே."

அந்தப் பக்கம் படகின் எஞ்சினை அணைக்கும் சத்தம் கேட்டது.

கரையேறியதும் கிளப் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர் இன்னும் தண்ணீரில் இருக்கிறார் என்று அர்த்தம். நான் மறந்துவிட்டேன்.

"என் படகுதான் கரையிலயே நிக்குதேண்ணே."

"படகு வந்துச்சி. நீ வந்தியான்னு எனுக்கு எப்டிம்மா தெரியும்?"



அடுத்த ஞாயிறு எனக்குப் போட்டி கிடையாது என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். கரையில் நின்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டுமாம்.

பத்திரமாக வீடு திரும்பியதற்குத் தண்டனை வாங்கியவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?