இரவல் அக்காவின் பொய்

நூலகத்தின் தரைத்தளத்தில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் அந்த அறையின் வாசலில் நீளமாக ஏதோ பெயர் எழுதியிருக்கும். அதை யாரும் முழுசாக வாசித்ததில்லை. எல்லோருக்கும் அது இரவல் செக்‌ஷன். உள்ளே உட்கார்ந்திருப்பவள் இரவல் அக்கா. அவளைவிட மூத்த பேராசிரியர்கள்கூடக் கூச்சமில்லாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வேலை பெரிய பிரம்மவித்தை ஒன்றுமில்லை. சர்க்கரை தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கேட்பதுதான். இங்கே இல்லாத புத்தகத்தை ஒருவர் கேட்பார். எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதென்று கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்து, அங்குள்ள இரவல் செக்‌ஷனுக்கு இவள் எழுதுவாள். மனசிருந்தால் அனுப்புவார்கள். அவர்களுடைய காகிதப் பட்டை சுற்றியபடியே புத்தகம் வரும். அதைக் கிழித்தால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும். கெடு முடிவதற்குள் அதே பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால் அவர்கள் வாசகரைப் பிடிக்க மாட்டார்கள், இந்த நூலகத்தைத்தான் பிடிப்பார்கள். ஒருத்தர் அடிக்கிற கூத்துக்கு எல்லோருக்கும் இரவல் நின்றுபோகும். அதனால் கெடு தாண்டியவர்களை அவள் சும்மா விட்டதில்லை. வகுப்பறை வாசலுக்கே போய் மானத்தை வாங்கியிருக்கிறாள்.

இப்போது கெடு முடியப்போகிற ஒரு புத்தகம் அவள் வீட்டிலேயே கிடந்தது.

அவள் வீட்டுக்காரருக்கும் அதே பல்கலைக்கழகத்தில்தான் வேலை, எலெக்ட்ரிகல் பிரிவில். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிடம் கட்டிடமாக ட்யூப்லைட் மாற்றுகிறவர். திடீரென்று ஒருநாள் அவருக்குக் கலங்கரை விளக்கத்தின் மேல் பைத்தியம் பிடித்தது. "அவ்ளோ பெரிய விளக்கு ஃப்யூஸ் போனா எவன்டி ஏறி மாத்துவான்?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? செக்‌ஷன்ல வந்து எழுதிக் குடுங்க."

மறுநாள் நிஜமாகவே வரிசையில் வந்து நின்றார். "மேடம், ஒரு புக் வேணும்."

"பட்டையக் கிழிச்சீங்க, தொலைச்சிடுவேன் சார்" என்றாள் இவளும். வரிசையில் நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தூரத்து ஊரிலிருந்து புத்தகம் வந்தது. ஒரு பக்கம், அரைப் பக்கம் என்று ஆமை வேகத்தில் படித்தார். பாதியைக்கூடத் தாண்டவில்லை. ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது அழுவாள், அப்புறம் அழுவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். யாருக்கெல்லாம் சொல்ல வேண்டுமோ அத்தனை பேருக்கும் நாத்தனார்தான் போன் செய்தாள், ஆபீசுக்கும் அவளே சொன்னாள். இவள் வாய் திறந்து ஒருவருக்கும் சொல்லவில்லை. லீவு முடிந்ததும் வேலைக்குப் போனாள். கை தன்பாட்டுக்குப் பார்சல் பிரித்தது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தெரியாது. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உடம்பு மொத்தமும் மரத்துக் கிடந்தது.

கெடு நெருங்கியதும் கம்ப்யூட்டரில் அவர் பெயர் சிவப்பில் வந்தது. நீட்டிப்பு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். 'வாசகர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்' என்று அடித்தாள். எத்தனையோ பேருக்காக அடித்த வரிதான். சரி என்று பதில் வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்தில் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. அது அங்கே கிடக்கிறவரை அவர் படித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நீட்டிய கெடுவும் தாண்டியது. துணைக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "அண்ணி, அத எடுத்துக் குடுத்துடுங்களேன். எத்தன நாள்தான் அப்படியே போட்டு வெப்பீங்க?"

"அவர் முடிக்கட்டும்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் புத்தகம் அனுப்பிய ஊர் இரவல் செக்‌ஷன்காரர் போன் செய்தார். பல வருஷப் பழக்கம், ஆனால் குரலோடு சரி, முகம் பார்த்ததில்லை.

"என்னம்மா, நீங்களே இப்படிப் பண்ணலாமா? இங்க ஒரு பொண்ணு அந்தப் புக்குக்காக தினம் வந்து நிக்குது. மாசக் கடைசில தீசிஸ் குடுக்கணுமாம். இனியும் வரலன்னா உங்களுக்கு நிறுத்திடச் சொல்றாங்க. எனக்கு மனசு கேக்கல, அதான் கூப்பிட்டேன்."

"சாரி சார்."

"ஆளு யாரும்மா? இவ்ளோ மெதுவா படிக்கிற மனுஷன நான் பாத்ததே இல்ல."

"அப்படித்தான் சார். ஒரு பக்கம் படிச்சா ரெண்டு நாள் அதையே பேசுவார்."

அவர் கடகடவென்று சிரித்தார். இவள் போனை வைத்துவிட்டு அந்தப் பெண்ணை நினைத்துப் பார்த்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டு, வந்துடுச்சாக்கா, வந்துடுச்சாக்கா என்று உயிரை எடுக்கிற பெண்கள் இந்தக் கவுண்டரிலும் உண்டு. பாவம், அது என்ன பண்ணும் என்று தோன்றியது.

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தாள். உள்ளே அவர் அடையாளத்துக்கு வைத்திருந்த ஒயர் துண்டு இருந்தது. வாசகர் வைத்ததை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். எடுத்துவிட்டாள். காலையில் அதே பெட்டியில் போட்டு டேப் ஒட்டி அனுப்பினாள். பிறகு போன் செய்தாள்.

"அனுப்பிட்டேன் சார்."

"அப்பாடா! முடிச்சுட்டாராம்மா?"

"இல்ல சார். பாதிதான்."

"அடடா. சரி விடுங்க, இந்தப் பொண்ணு முடிச்சதும் மறுபடி அவருக்கே அனுப்பறேன், என் பொறுப்பு. இவ்ளோ ஆசையா படிக்கிறவங்க எங்க கிடைக்கிறாங்க? பேர் எழுதி வெச்சுக்கறேன்."

காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், புத்தகம் மறுபடி வரும், கட்டிலில் கிடக்கும். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எழுதாதீங்க சார். அவர் என் வீட்டுக்காரர். செத்துட்டார்."

காகிதம் புரட்டுகிற சத்தம் நின்றது. "செத்துட்டார் சார்" என்று இன்னொரு தடவை சொன்னாள், யாரோ அப்போதுதான் ஓடி வந்து அவளிடம் சொன்னதுபோல.