பாம்பு கக்கா இருந்த நாள்

மகள் அந்தக் குட்டி மலைப்பாம்பைக் கொண்டுவந்தபோது, "உது இந்த வீட்டில இருந்தா நான் இருக்க மாட்டன்" என்று சொன்னவள் நான். அவள் கேட்கவில்லை. சொந்த உழைப்பில் வாங்கியவள், எப்படிக் கேட்பாள்? அவளுடைய அறையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

இரண்டு மாதத்தில் அதற்கு மலச்சிக்கல் வந்தது. விழுங்கிய எலிகள் உள்ளே போனதோடு சரி, வெளியே ஒன்றும் வரவில்லை. வாலுக்கு மேலே வீங்கிக் கல்லாக இருந்தது. உடம்பில் தண்ணீர் காணாது, கூட்டில் சூடும் காணாது என்றார் மிருக வைத்தியர். தினமும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் விட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், இந்தச் சின்ன உடம்பு அதைத் தாங்குமோ தெரியாது. மகள் காரிலேயே அழத் தொடங்கிவிட்டாள்.

"பேதி குடுப்பம். உனக்கும் சின்னனில குடுத்தனான்தானே" என்றேன்.

"அம்மா, ப்ளீஸ். ஸ்னேக்குக்கு உதெல்லாம் குடுக்கேலாது."

வியாழன் வரை ஒன்றும் நடக்கவில்லை. அன்று எட்டிப் பார்த்தால், பாம்பைத் தண்ணீர்ப் பேசினில் விட்டுவிட்டு, போனில் எதையோ வாசித்துத் தேம்பிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் முழங்கையை வைத்துப் பார்த்தேன். ஆறிப் பச்சைத் தண்ணீராகி இருந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மூன்று பிள்ளைகளைக் கக்கா இருக்கப் பழக்கியவள் நான்.

"தள்ளு அங்கால" என்றேன்.

புதுத் தண்ணீர் விட்டு, சூடு பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தூக்கி உள்ளே விட்டேன். தண்ணீர் ஆற ஆறச் சுடுதண்ணீர் கலந்தேன். அது என் விரல்களுக்கிடையே மெல்ல ஊர்ந்தது. என்னையறியாமலே வாய் தொடங்கிவிட்டது: "முக்கு, என்ர குஞ்சு. முக்கு, ராசாத்தி."

முக்கியது. முதலில் சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளையாக, பிறகு கறுப்பாக, பேசின் முழுக்க. நாற்றம் குடலைப் பிடுங்கியது. மகள் அந்த நாற்றத்துக்குள்ளேயே என்னைக் கட்டிப்பிடித்து, "அம்மா, யூ ஆர் அமேசிங்" என்றாள். இத்தனை வருடம் சமைத்துப் போட்டதற்கெல்லாம் அவள் அப்படிச் சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மிசிசாகா நகரத்திலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள்.

"அக்கா, எங்கட பெரியவனுக்கு பாங்கில மனேச்சர் வேலை..."

"உதைப் பிறகு சொல்லு" என்றேன். "எங்கட பிள்ளை இப்பத்தான் கக்கா இருந்திட்டாள்."