வீட்டுக்குள் நுழையக் கூடாத சோப்பு

ஷேவிங் என்பது பல் விளக்குவது மாதிரி ஒரு வேலை, முடித்தோமா கிளம்பினோமா என்று இருக்க வேண்டும் என நினைக்கிறவர்களுக்கு நுரைக்காரரைப் புரியவைப்பது கஷ்டம். இருந்தாலும் சொல்கிறேன், கேளுங்கள். லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனியில் அவர் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்றைக்கோ ஒருநாள் காதுமடலில் ஒரு சொட்டு நுரையோடு வேலைக்கு வந்து நின்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்தான் இது.

காலையில் குளியலறைக் கதவை அவர் சாத்துவதே இல்லை. சாத்தினால் கண்ணாடியில் ஆவி படிந்துவிடுமாம். ஒரு குவளை வெந்நீரில் பிரஷை ஊறப் போடுவார். அது ஊறுகிற வரைக்கும் சூடான துண்டு ஒன்றை முகத்தில் போர்த்திக்கொண்டு நிற்பார். அப்புறம் அலமாரியைத் திறப்பார். மஞ்சள் கிண்ணத்தில் எலுமிச்சைச் சோப்பு, பழுப்புக் கிண்ணத்தில் லவங்கம், ஊதாவில் லாவெண்டர், பச்சையில் புதினா. இன்றைக்கு எது என்று முகவாயைத் தடவித் தடவி யோசிப்பதைப் பார்த்தால், நாட்டின் பட்ஜெட்டே அவர் தலையில்தான் இருக்கிறதோ என்று தோன்றும்.

நுரையைக் கலக்குவதில்தான் அவருக்கு உயிர். பிரஷைச் சுழற்றிச் சுழற்றி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, விரலில் எடுத்தால் வழியாமல் நிற்கிற பதம் வந்தால்தான் முகத்தில் பூசுவார். பிளேடு பூட்டுகிற பழைய மாதிரி இரும்பு ரேஸர், கையில் வைத்தால் கனக்கும். அதை அழுத்தவே கூடாது, அதன் எடையே போதும் என்பார். முதல் தடவை முடி வளர்கிற திசையிலேயே இழுப்பார். கழுவிவிட்டு, மறுபடி நுரை பூசிக் குறுக்குவாட்டில் இரண்டாம் தடவை. பச்சைத் தண்ணீரில் அலம்பி, படிகாரக் கட்டியை முகமெல்லாம் தேய்த்து, அது சுருக்கென்று கடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா" என்று ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் வீட்டில் மற்றவர்களுக்குக் குளியலறை.

"அப்பா, பஸ் எனக்காக நிக்காது!" என்று மகள் தோளில் துண்டோடு வாசலில் நிற்பாள். அவள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள்.

"தாடை மட்டும்தாம்மா பாக்கி."

"நேத்தும் தாடைதான் பாக்கி இருந்துச்சு. உங்களுக்கு எத்தனை தாடைப்பா?"

இதெல்லாம் முடிந்தபிறகு நடப்பதுதான் முக்கியம். முகம் துடைத்த கையோடு நேரே சமையலறைக்குப் போய் மனைவிக்குப் பின்னால் நிற்பார். திரைச்சீலை தைக்கிற கடையில் அவளுக்கு வேலை. போவதற்குள் சமைத்து முடிக்க வேண்டும், கை ஒழியாது. திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். மூக்கை மட்டும் ஒரு தடவை உறிஞ்சிவிட்டு, "எலுமிச்சை" என்பாள். "லவங்கம்" என்பாள். புதுக் கல்யாணத்தில் தொடங்கிய விளையாட்டு. ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. சரியாகச் சொன்னதும் இவர் முகத்தில் வருகிற சிரிப்பு இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது அவளா இவரா என்று சந்தேகம் வந்துவிடும்.

ஒரே ஒரு சோப்புக்குத்தான் அந்த வீட்டில் தடை. தார் சோப்பு. எங்கிருந்தோ ஆசையாக வரவழைத்திருந்தார். கறுப்பாக இருக்கும், ரோடு போடுகிற இடத்தில் டயரையும் சேர்த்துக் கொளுத்தின மாதிரி புகைநாற்றம் அடிக்கும். அதைப் பூசிக்கொண்டு முதல்நாள் பின்னால் வந்து நின்றபோது அவள் கரண்டியோடு திரும்பினாள். "ஒண்ணு அது இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்." அன்றைக்கே சோப்பு டப்பாவோடு நாடுகடத்தப்பட்டு, பால்கனியில் பழைய பெயிண்ட் டின்களுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. தூக்கிப் போட மட்டும் இவருக்கு மனசு வரவில்லை.

போன மழைக்காலத்தில் வீட்டில் மூன்று பேருக்கும் காய்ச்சல் வந்தது. மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். அவரவர் வேலைக்குப் போனார்கள், காலை விளையாட்டும் பழையபடி நடந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நுரைக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரி சோப்புப் பைத்தியங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மிச்சத் துண்டைத் தூக்கிப் போடமாட்டார்கள். சீவி, பிசைந்து, காலியான வேறு கிண்ணத்தில் அழுத்தி வைத்துக்கொள்வார்கள். லவங்கம் தீர்ந்துபோயிருந்தது. புதிதாக வாங்கிய எலுமிச்சைக் கட்டி மஞ்சள் கிண்ணத்தில் அடங்காமல் மிஞ்சியது. அதைச் சீவிப் பழுப்புக் கிண்ணத்தில் அமுக்கி வைத்தார். மறுநாள் காலை அதிலேயே நுரை கலக்கிப் பூசிக்கொண்டு போய் நின்றார்.

"லவங்கம்" என்றாள் அவள், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே.

கேலி செய்கிறாள் என்று சிரித்தார். "நல்லா சொல்லு பாப்போம்."

"லவங்கந்தாங்க. இதுல என்ன சந்தேகம்?"

எலுமிச்சை வாசனை அடுப்படி முழுக்க மணக்கிறது. அவருக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. தோளைத் தொட்டுத் திருப்பினார். அவள் கண்ணைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. காய்ச்சலுக்கு அப்புறம் அவளுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. தினமும் இவர் முகம் துடைக்கிற நேரத்தில் ஓசைப்படாமல் குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, எந்தக் கிண்ணம் ஈரமாக இருக்கிறதோ அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொல்லி? அப்புறம் யாருக்காக இத்தனை சோப்பு வாங்குவீங்க? இருக்கறது இது ஒண்ணுதானே உங்களுக்குன்னு." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பாடு ருசிக்கலன்னாகூடப் பரவால்லங்க. நீங்க பின்னாடி வந்து நின்னா, யாரோ வந்து நிக்கற மாதிரி இருக்கு. அதுதான் தாங்கல."

அன்றைக்கு இருவரும் வேலைக்குத் தாமதமாகத்தான் போனார்கள்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "வீட்ல நல்லா பழகின வாசனையா நாலஞ்சு எடுத்துக்குங்க. தினமும் காலைல ஒவ்வொண்ணா மோந்து பாக்கணும். மூக்குக்கு மறந்துபோனதை ஞாபகப்படுத்தற மாதிரி."

"வந்துடுங்களா டாக்டர்?" என்று கேட்டது நுரைக்காரர்தான்.

"பல பேருக்கு வருது. இவங்களுக்கு வந்துடும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

"சோப்பை மோந்து பாக்கலாமா?"

"தாராளமா."

தன் பைத்தியத்தை ஒரு டாக்டரே வைத்தியமாகச் சொல்லிவிட்டார் என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளிலிருந்து தினமும் சாப்பாட்டு மேஜைமேல் கிண்ணங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அவளும் முகர்ந்தாள். இவர் பக்கத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார், ஏதோ அவர்தான் பரீட்சை எழுதுகிற மாதிரி. எலுமிச்சையா? இல்லை. புதினா? மூக்குக்குள் கொஞ்சம் ஜில்லென்று இருக்கிறது, வாசனை இல்லை. மழை நின்றது, வெயில் வந்தது, மூக்கு மட்டும் அசையவில்லை. ஒருநாள் காலை அவள் கிண்ணங்களைத் தன் கையாலேயே மூடினாள்.

"போதுங்க. தினமும் காலைல எந்திரிச்சதும் தோத்துப்போக என்னால முடியல."

இவர் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, வாசனையே இல்லாத வெள்ளைச் சோப்பு ஒன்று வாங்கிவந்தார். ஷேவிங் சீக்கிரம் முடிந்தது. படிகாரம் கடிக்கும்போது "ஆஹா" வரவில்லை. மகளுக்குத் தினமும் முன்னாடி போகிற பஸ்ஸே கிடைத்தது. அவளே ஒருநாள், "அப்பா, பழையபடி லேட்டாக்குங்கப்பா, வீடு வீடாவே இல்ல" என்றாள்.

அதைக் கேட்டுக்கொண்டே பால்கனியில் துணி காயப்போட்டவர் கண்ணில் பெயிண்ட் டின் பட்டது. அதற்குப் பின்னால் இருந்தது டப்பா. திறந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிடித்த வாசனையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று, அசையவில்லை. பிடிக்காத ஒன்று போய் இடித்தால்? கோபத்திலாவது அந்த மூக்கு எழுந்து உட்காராதா?

அவளிடம் மூச்சுவிடவில்லை. மறுபடி அவளைத் தோற்கடிக்க அவருக்கு மனசில்லை. மகளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். அன்றிலிருந்து தினமும் தார் சோப்பு. தினமும் அடுப்படியில் போய் ஏதோ பாத்திரம் எடுக்கிற சாக்கில் அவள் பக்கத்தில் நிற்பார். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். வெளியே வருவார்.

வீட்டில் தெரியாத நாற்றம் ஊரெல்லாம் தெரிந்தது. அது லேசில் போகிற சாமானா? ஒரு ஆபீஸ் கட்டிடத்தில் லிஃப்டைச் சரிபார்த்துவிட்டு, சோதனைக்காக ஆட்களோடு மேலே போய்க்கொண்டிருந்தார். கதவு மூடியதுதான் தாமதம், ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "ஏங்க, வயர் கருகுதா?" அடுத்தவர் உறிஞ்சினார். "ஆமா, புகை வாசனை!" யாரோ அபாய மணியை அழுத்த, கட்டிடம் மொத்தமும் படி வழியாக இறங்கித் தெருவில் நின்றது. நுரைக்காரரும், ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடுகிற அவருடைய கூட்டாளிப் பையனும் மேலே மோட்டார் அறையிலிருந்து லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழி வரைக்கும் தேடினார்கள். ஒரு வயரும் கருகவில்லை. கடைசியில் குழிக்குள் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றபோது ஸ்பேனர் சந்தேகத்தோடு இவர் கன்னத்துப் பக்கம் குனிந்தான்.

"யோவ் அண்ணே! கருகறது நீதான்யா!"

சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பினார். "நாளைக்கும் இந்த நாத்தத்தோட வந்தா அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போயிடு. நம்ம பேரைச் சொன்னாலே தீயணைப்பு வண்டி வருது."

மறுநாள் காலை கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். இந்தப் பக்கம் வெள்ளைச் சோப்பு, அந்தப் பக்கம் தார். அவருக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாள் ஆகியும் ஒன்றும் அசையாததை இன்றோடு நிறுத்திவிட்டால், இனி அவள் பக்கத்தில் ஆயுளுக்கும் யாரோ ஒருவராகத்தான் நிற்க வேண்டியிருக்கும். வேலையிடத்தில் திட்டு விழுந்தால் விழட்டும், இன்னும் ஒரே ஒரு நாள் என்று பிரஷைத் தாரில் போட்டுச் சுழற்றினார். நிதானமாக, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, வழியாமல் நிற்கிற பதத்தில் கலக்கிப் பூசிக்கொண்டார். ஒரு கன்னம் முடிந்தது. மறுகன்னத்தில் ரேஸரை வைத்தபோது வெளியே பாத்திரம் ஒன்று உருண்டது.

"ஐயையோ, என்னமோ தீயுதே!"

அவள் குரல். மடமடவென்று அடுப்படிக்கு ஓடுகிற சத்தம். நுரைக்காரர் அசையவில்லை. ரேஸர் கன்னத்திலேயே நின்றது.

"அடுப்பு அணைச்சுத்தானே இருக்கு... ஏய், இஸ்திரிப் பெட்டி ஏதும் போட்டு வெச்சியா?"

"இல்லம்மா" என்றாள் மகள்.

"அப்ப எங்கடி தீயுது?"

முகர்ந்துகொண்டே வந்தாள். கூடத்தில் முகர்ந்தாள், சுவிட்சுப் பெட்டியை முகர்ந்தாள், குளியலறை வாசலுக்கு வந்தாள். பாதி முகம் நுரையோடு நிற்கிற புருஷனைப் பார்த்தாள். கிட்டே வந்து கன்னத்தில் மூக்கை வைத்தாள்.

"அட நாசமாப்போன மனுஷா! இந்தக் கருமத்தை மறுபடி வீட்டுக்குள்ள கொண்டுவந்தீங்களா? ரோடு போடறவன்கூட இப்படி நாறமாட்டான்! உங்களுக்கு எத்தனை தடவை..."

அப்படியே நிறுத்தினாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"திட்டு" என்றார் அவர். "நிறுத்தாத, நல்லா திட்டு."

அவள் திட்டவில்லை. ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். மகள் ஓடிவந்து இருவரையும் கட்டிக்கொள்ள, மூன்று பேர் முகத்திலும் தார் நுரை அப்பியது. அவசர அவசரமாகக் கிண்ணங்களையெல்லாம் திறந்து பார்த்தார்கள். எலுமிச்சை தெரியவில்லை. லாவெண்டர் தெரியவில்லை. புதினா ஏதோ இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் இருந்தது. அவளுக்குத் திரும்பிக் கிடைத்தது அந்த ஒரு நாற்றம்தான்.

"நாளைக்கே இதைத் தூக்கிக் குப்பைல போட்டுடறேன்" என்றார் நுரைக்காரர், மிச்சக் கன்னத்தை இழுத்தபடி.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். நாளைக்கும் இதையே போட்டுக்குங்க."

"நாளைக்குமா? இன்னைக்கே சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிடுவார்."

"காலைல எலுமிச்சை போட்டுட்டுப் போங்க. வேலை முடிஞ்சு வந்து இதைப் போடுங்க."

"ஒரு மனுஷனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தாடிம்மா முளைக்கும்?"

"முளைக்கறப்ப முளைக்கட்டும், நீங்க நுரையைப் பூசிட்டு வந்து பின்னாடி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சுளித்தபடி இன்னொரு தடவை அவர் கன்னத்தை முகர்ந்து பார்த்தாள்.