சாயக்கார யோவானின் தப்பு ஷோ

சீட்டுக்கட்டை மூன்று முறை கலைத்து, தரையில் ஒரு தட்டுத் தட்டி, வலது பக்கத்து ஆளின் முன்னால் நீட்டுவார் யோவான். அந்த ஆள் வெட்டிக் கொடுக்காமல் அந்தக் கட்டிலிருந்து ஒரு சீட்டும் வெளியே வராது. "வெட்டாம குடுத்தா அது சீட்டு இல்ல, கல்யாணப் பத்திரிகை" என்பார்.

ஞாயிறு ஆராதனையும் சாப்பாடும் முடிந்து, மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்தால் நான்கு கை ரம்மி. யோவான், மனைவி ரோசம்மாள், மருமகள் ஜெசி, தறிக்கார நண்பர் பரசுராமன். காசு கிடையாது. காசில்லாத ஆட்டத்துக்கு இத்தனை சட்டமா என்று கேட்பவர்கள் யோவானைத் தெரியாதவர்கள். இறக்கிய சீட்டைத் தொட்டால் எடுத்தே தீரவேண்டும். செல்போன் செருப்போடு வாசலில் கிடக்கவேண்டும். அடுத்தவர் கையிலுள்ள சீட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. வெம்பாக்கத்து மைத்துனர் ஒருமுறை, "ஜோக்கரு எல்லாம் எங்க அக்கா கையிலதான் தூங்கிகினு கீது" என்று சிரித்துவிட்டார். அடுத்த இரண்டு ஆட்டத்துக்கு அவர் வெறும் பார்வையாளர்.

"வந்த எடத்துல மச்சானப் போயி..." என்று ரோசம்மாள் இழுத்தார்.

"மச்சானுக்குக் கறிசோறு போட்டாச்சு. சீட்டுல மச்சான் கெடையாது."

இந்தக் கறார் தொழிலில் வந்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர். ஒரே ஓர் இரவல் அண்டாவில் பட்டு நூலுக்குச் சாயம் போட ஆரம்பித்து, இன்று சொந்தப் பட்டறையில் ஆறு தொட்டி வைத்திருக்கிறார். முள்ளிப்பட்டுத் தறிகளில் ஓடும் சிவப்பில் பாதி அவர் கைச் சிவப்பு. படித்தவர்கள் நிற அட்டையை வைத்து ஒத்துப் பார்க்கும் நிறத்தை அவர் வெறுங்கண்ணால் பிடிப்பார். அப்படிப் பிடிக்க ஆரணி வட்டாரத்தில் இன்னோர் ஆள் பிறக்கவில்லை. யாரும் இதைச் சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார்.

போன ஞாயிறு அந்தக் கண்தான் பஞ்சாயத்துக்கு வந்தது.

பழைய சீட்டுக்கட்டில் ஒரு ராணி கிழிந்துபோனதால் ஜெசி புதுக் கட்டு வாங்கி வந்திருந்தாள். பளபளவென்று பிளாஸ்டிக். முதல் ஆட்டத்திலேயே "ஷோ!" என்று ஆட்டத்தை முடித்துச் சீட்டுகளை மல்லாத்தினார் யோவான். ஜோக்கர் இல்லாமல் ஒரே சின்னத்தில் வரவேண்டிய வரிசை என்று அவர் அடுக்கியதில் ஐந்தும் ஆறும் ஆர்ட்டின். ஏழு மட்டும் டைமன்.

தப்பு ஷோவுக்கு எண்பது பாயிண்ட், முழுத் தண்டனை. ஒரு பாயிண்டுக்கு அரை மணி நேரம் சண்டை பிடிக்கிற பரசுராமன் பாய்ந்து விழுவார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவரோ தொண்டையைக் கனைத்தார். "பரவால்ல யோவானு, எடுத்து அடுக்கிக்கோ. வயசாச்சுன்னா யாருக்கும் வர்றதுதானே." கொஞ்சம் பொறுத்து, "அந்த முகூர்த்தப் பொடவ நூலு... சாயத்துக்கு நாளைக்கே வோணாம். அப்பறமா அனுப்பறேன்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தக் கருணையைத்தான் யோவானால் தாங்க முடியவில்லை. சிவப்புக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத சாயக்காரனிடம் எவன் நூல் கொடுப்பான்? ஆறு தொட்டியும் காய்ந்து கிடப்பதுபோல் இருந்தது.

"எண்பது எழுதுமா" என்றார். பென்சிலை ஜெசி பக்கம் தள்ளினார்.

"அட, நான்தான் விடுன்றேன்ல?"

"நீ யார்யா விட்றதுக்கு?"

ஜெசி பென்சிலை எடுக்கவில்லை. "மாமா, ஆர்ட்டின், டைமன்னு உருவத்த பாத்தா பிரிப்பீங்க?"

"உருவத்த எவம்மா பாத்துகினு இருப்பான்? ஆர்ட்டின்னா அரக்கு. டைமன்னா மிளகாப்பழம். இதுல எல்லாம் ஒரே செவப்பா தெரியுது. அதான் கண்ணு..."

"இன்னாது, அரக்கா?" என்றார் ரோசம்மாள். "முப்பது வருசமா ஆடறேன், எனக்கு எப்பவுமே ஒரே செவப்புதானே!"

ஜெசி ஓடிப்போய்ப் பழைய கட்டை எடுத்து வந்தாள். அவர்கள் எப்போதும் வாங்குகிற அந்த ரகத்தில் ஆர்ட்டின் எப்படியோ ஒரு பிடி அடர்ந்து அச்சாகியிருந்தது. வேறு எவர் கண்ணுக்கும் படாத அந்த ஒரு பிடியைப் பார்த்தே யோவான் இத்தனை காலம் சீட்டுப் பிரித்திருக்கிறார். புதுக் கட்டிலோ இரண்டும் அச்சு அசல் ஒரே சிவப்பு. அதில் வித்தியாசம் தெரிந்தால்தான் கண்ணில் கோளாறு.

பரசுராமன் நம்பவில்லை. பழைய சீட்டுகளோடு கதவோரம் போய் நின்று, உருவத்தைக் கட்டை விரலால் மறைத்து, எண்ணை மட்டும் காட்டினார்.

"இது?"

"ஆர்ட்டின்."

"இது?"

"டைமன்."

பதினான்கு சீட்டு. பதினான்கும் சரி. கடைசி இரண்டையும் வெயிலில் சேர்த்துப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார் பரசுராமன். "அடப்பாவி, ஆமாம்பா!"

யோவான் சுவரில் சாய்ந்து, அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டார்.

"காலைல ஜல்தியா நூலு வந்துரும்" என்ற பரசுராமன், அடுத்த நொடி பாயே அதிரும்படி உட்கார்ந்தார். "எழுது ஜெசி, எண்பது! ஒரு பாயிண்டு கொறயக்கூடாது. கண்ணு போச்சேன்னு பாவம் பாத்தேன். கண்ணு நல்லா கீற ஆளு தப்பு ஷோ காட்னா இன்னா அர்த்தம்? திமிரு! எழுந்து போயி எல்லாருக்கும் டீ போடுய்யா!"

இவ்வளவு இனிப்பான வசவை யோவான் கேட்டதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

நான்கு தம்ளர் டீ தயாரானது. தட்டில் வைக்கப்போனவர், ஒன்றை மட்டும் எடுத்துச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு அரை ஸ்பூன் டிகாஷன் விட்டுக் கலக்கி, மறுபடியும் தூக்கிப் பிடித்தார்.