முடிஞ்சது எந்த ஜாயிண்ட்?

அவரைப் பயில்வான் என்று கூப்பிட்டார்கள். கேலிக்குத்தான். தரைக்கடியில் ஓடும் மின்சாரக் கேபிள் பழுதானால் குழிக்குள் இறங்கி ஜாயிண்ட் போடுவது அவர் வேலை. இருபத்தாறு வருஷத்தில் பயப்படாமல் இறங்கிய நாள் ஒன்றுகூடக் கிடையாது. லைன் நிறுத்தியாச்சு என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். டெஸ்டரை வைத்து மூன்று தரம் தானே பார்ப்பார்.

"வீட்டுல பொண்டாட்டியைக் கூப்பிடறதுக்கு முன்னாடியும் டெஸ்டர் வெச்சுப் பார்ப்பாரு போல" என்பான் கூட்டாளி. பதினோரு வருஷமாக அவருடன் குழியில் இறங்குகிறவன்.

ஒரு நாள் பயில்வானின் அக்காவுக்கு முட்டி ஆபரேஷன். தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுப் புது ஜாயிண்ட் வைக்கிறார்கள். மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. சாலை ஓரத்துக் குழியில் முழங்காலிட்டு, மூன்று கம்பிகளில் ஒன்றை இணைத்து முடித்திருந்தார். மற்ற இரண்டும் தோலுரிந்து கிடந்தன. ஒன்றைக் கூட்டாளி கையில் பிடித்திருந்தான்.

மத்தியானம் போன் வந்தது. கையெல்லாம் பிசின் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு மண்மேட்டில் வைக்கக் கூட்டாளியிடம் சொன்னார்.

"ஏங்க, ஜாயிண்ட் முடிஞ்சுதாம். நல்லபடியா ஆச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பயில்வான் உரக்கச் சொன்னார்: "ஜாயிண்ட் முடிஞ்சுதா, அப்பாடா."

மனைவியின் குரல் மேலே எட்டவில்லை. லாரி இரைச்சலில், குழி விளிம்பில் நின்ற சூப்பர்வைசருக்கு இவர் சொன்னதில் முதல் பாதிதான், அதுவும் கேள்வி என்று தெரியாமல், கேட்டது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மின்நிலையத்துக்குப் போன் போட்டுக்கொண்டே நகர்ந்தார்.

"ஜாயிண்ட் முடிஞ்சுது சார். லைன் கொடுத்துடலாம்."

இந்த வாக்கியம் மட்டும் பயில்வான் காதில் தெளிவாக விழுந்தது. கத்தப் பார்த்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எப்படி ஏணியில் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. ஒரு செருப்பு குழியிலேயே கிடந்தது. சாலையில் ஓடிப்போய் சூப்பர்வைசர் கையிலிருந்த போனைப் பிடுங்கினார்.

"கொடுக்காதீங்க. உள்ள இருக்கேன். நான் உள்ளதான் இருக்கேன்."

நட்டநடு ரோட்டில் நின்றுகொண்டுதான் அப்படிச் சொன்னார்.

"பாதுகாப்புக்குப் போட்ட எர்த்தை எடுத்துட்டோம். சுவிட்ச் மேலதான் கை இருக்கு. கையை எடுத்துடறேன்" என்று மின்நிலையத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

சூப்பர்வைசர் முகம் வெளிறி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். எதுவும் காதில் விழாத கூட்டாளி குழிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, ஒண்ணுக்கு அவசரமா?"

அப்போதுதான் பயில்வானுக்கு உறைத்தது. தான் மட்டும் ஏறி வந்திருக்கிறோம். கம்பியை விடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை; அவன் கையைத் தட்டிக்கூட விடவில்லை. ஓடி வந்தபோது இருந்ததைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்தது.

மறுபடி எர்த் போட்டு, மறுபடி டெஸ்டர் வைத்து, சாயங்காலத்துக்குள் வேலையை முடித்தார். ஆஸ்பத்திரியில் அக்கா, "எனக்குத்தானேடா ஆபரேஷன், நீ ஏன் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே?" என்றாள்.

அதன்பிறகு அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. வேலையில் அது 'ஒட்டு'. பாங்கில் ஜாயிண்ட் அக்கவுண்டா என்று கேட்டால், "ரெண்டு பேர் கணக்கு" என்பார். வேலை முடிந்தால் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேலே ஏறிவந்து தன் கையால் கொடுப்பார். வேறு யார் சொன்னாலும் லைன் கொடுப்பதில்லை என்று மின்நிலையத்திலும் எழுதி ஒட்டிவிட்டார்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், டீ குடிக்கும்போது கூட்டாளியிடம் சொல்லிவிட்டார். "அன்னிக்கு உன் ஞாபகமே வரலைப்பா எனக்கு."

கூட்டாளி டம்ளரைக் கீழே வைத்தான். "தெரியும்ணே. அன்னிக்கே தெரியும். நீங்க ஓடலைன்னா போனை யாரு பிடுங்கியிருப்பா?"

பயில்வான் தலையாட்டினார். அந்தச் சமாதானம் அவருக்குப் போதவில்லை. ஆனாலும் அவன் மறுநாளும் அவருக்கு முன்னாலேயே குழியில் இறங்கினான்.