சதை போடுற மாத்திரை

என்னைப் பெண் பார்க்க முதலில் வந்த வீட்டார் சிரித்தே விட்டார்கள். "இது தங்கச்சியா? பொண்ணக் கூப்பிடுங்க" என்றார் ஒரு அம்மா. எனக்குத் தங்கச்சியே கிடையாது. அடுத்து வந்தவர்கள் சிரிக்கவில்லை. போகும்போது என் அம்மாவைத் தனியே அழைத்து, "பிள்ளைக்கு டி.பி. எதுவும் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலமே அம்மா நாகல் நகரில் ஒரு மருந்துக்கடைக்குப் போய், காகிதக் கவரில் சின்னச் சின்ன மாத்திரைகள் வாங்கி வந்தாள்.

"சதை போடுற மாத்திரையாம். நிறையப் பேரு வாங்கிட்டுப் போறாங்க. கல்யாணம் முடியிற வரைக்கும் முழுங்கு."

துணிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. மாத்திரை ஆரம்பித்த சில நாளிலேயே பேய்ப்பசி பிடித்துக்கொண்டது. மத்தியானச் சோற்றைப் பத்து மணிக்கே தின்றுவிட்டு, கூட வேலை பார்க்கிறவளின் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கன்னம் உப்பியது. பிடரியில் சதை திரண்டது. முதுகெல்லாம் பரு. கை கால் மட்டும் குச்சியாகவே கிடந்தன, மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கியது. "அதெல்லாம் சேலை மறைச்சிரும்" என்று சொல்லி அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். அப்பா செத்த பிறகு அவள் அம்புட்டுச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அரை வருஷத்துக்கு மேல் முழுங்கியிருப்பேன். வேடசந்தூரிலிருந்து, மில் ஆபீஸில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வந்தார். அவருடைய அம்மா என் முகவாயைத் தூக்கிப் பார்த்து, "மூஞ்சி நிலா கணக்கா இருக்கு" என்றார். அந்த மாதமே கல்யாணம் முடிந்தது.

கிளம்பும்போது அம்மா மாத்திரைக் கவரை என் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "இனிமே எதுக்கு? அங்க பாத்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

வேடசந்தூர் போன கொஞ்ச நாளில் உடம்பு கழன்றுபோன மாதிரி ஆனது. எழுந்து நின்றால் கண் இருட்டும். மூட்டெல்லாம் வலி. சோற்றைப் பார்த்தாலே குமட்டும். நான் வாந்தி எடுப்பதைப் பார்த்து அத்தைக்கு ஒரே பூரிப்பு. மாதுளம்பழம் உரித்துக் கையில் தந்தார். பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று தெரிந்ததும், மிச்சப் பழத்தை என் முன்னாலேயே எடுத்துப்போய் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்.

அதன்பிறகு அத்தை வாயில் நான் சோம்பேறி ஆனேன். "வேலைன்னா மயக்கம் வருது, சோறுன்னா குமட்டுது. நல்லாத்தான் நடிக்கிறா." முகம் வற்றிக்கொண்டே வந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தினார். படுக்கையில் ஒருநாள், "உன்னையத் தொட்டா எலும்புதான் குத்துது" என்று திரும்பிக்கொண்டார்.

அப்புறம் சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்தது. காலையில் குழாயடியில் குடத்தோடு விழுந்தேன். காது கேட்டது, கையை அசைக்க முடியவில்லை. அத்தை என்னைத் தாண்டிப்போய்க் குழாயை மூடினார். "செத்த நேரத்துல தானா எந்திரிப்பா, விடு" என்று மகனிடம் சொன்னார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் சத்தம் போடவும்தான் ஆட்டோ வந்தது.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பிரஷரும் சுகரும் அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்தன. ஊசி போட்டு என்னைப் பேசவைத்த பிறகு அந்த லேடி டாக்டர் கேட்டார்: "சதை போட ஏதாவது மாத்திரை சாப்பிட்டியாம்மா?"

தகவல் கேட்டு ஓடி வந்திருந்த அம்மா சுவரைப் பார்த்தாள். நான் ஆமாம் என்றேன்.

"கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ரெண்டு சுரப்பி இருக்கு. காய்ச்சலோ பட்டினியோ பயமோ, எது வந்தாலும் உடம்பத் தாங்குற ஹார்மோனை அதுதான் சுரக்கும். அதைச் சுரக்கச் சொல்றது மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி. நீ தின்னது அதே வேலையச் செய்யற ஸ்டீராய்டு. வெளியில இருந்தே வருதேன்னு பிட்யூட்டரி சொல்றத நிறுத்திருச்சு, சுரப்பியும் சுருங்கிப்போச்சு. நீ மாத்திரைய ஒரேயடியா விட்டதும் உடம்புல அதுவும் இல்ல, இதுவும் இல்ல. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா செத்திருப்ப."

வீட்டுக்காரர் கட்டில் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "திருப்பி அந்த மாத்திரையக் குடுத்தா சரியாயிருமா டாக்டர்?"

"சின்ன அளவுல குடுத்து, மெல்ல மெல்லக் குறைக்கணும். சுரப்பி முழிக்க மாசக்கணக்காகும். பொழச்சிருவாங்க."

"அது இல்லீங்க. மூஞ்சி பழையபடி ஆயிருமான்னு கேட்டேன்."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அத்தை முடித்துவிட்டார். "எங்களுக்குக் காட்டுன பொண்ணு வேற, குடுத்த பொண்ணு வேற. உங்க பொண்ண நீங்களே வச்சுக்கங்க." அது பொய்யும் இல்லை. வீட்டுக்காரர் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தார்.

விவாகரத்து ஆனது. மாத்திரையைக் குறைத்துக் குறைத்து வந்து, ஒரு வருஷத்துக்கும் மேலான பிறகு ஒரு காலை ரத்தப் பரிசோதனையில் டாக்டர் சிரித்தார். "முழிச்சிருச்சும்மா. இனிமே மாத்திரை வேண்டாம்." பழைய துணிக்கடையிலேயே மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். பழையபடி ஒல்லி.

போன மாதம் அம்மா தரகருக்கு வாட்ஸ்அப்பில் என் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். கல்யாணத்தன்று எடுத்தது. மாப்பிள்ளையை வெட்டிவிட்டு, உப்பிய என் முகத்தை மட்டும் வைத்திருந்தாள்.

"இது ஏம்மா?"

"இதுலதான் நீ லட்சணமா இருக்க."

போனைப் பிடுங்கிப் போட்டோவை அழித்தேன். தரகர் பார்த்துவிட்டதற்கான நீலக் குறி அதற்கு முன்பே விழுந்திருந்தது.